கடல் பார்த்ததற்கு அத்தாட்சி

சோணைமுத்துவின் பத்து விரல்களும் சர்க்காருக்குத் தெரியும். முகம்தான் தெரியாது. பதினாறு வயதில் அவனைக் கூட்டிப்போய், விரல் விரலாக மையில் உருட்டிக் காகிதத்தில் பதித்துக்கொண்டார்கள். என்ன குற்றம் செய்தான் என்று கேட்காதீர்கள். மதுரைக்கு மேற்கே ஒரு புஞ்சைக்காட்டு ஊரில், அந்தச் சாதியில், ஆம்பிளையாகப் பிறந்தான். கைரேகைச் சட்டத்துக்கு அது போதும். பொழுது சாய்ந்தால் ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் போலீஸ் ஸ்டேஷன் கொட்டடியில் போய்ப் படுக்க வேண்டும். விடிந்ததும் பேர் வாசித்துத் திறந்துவிடுவார்கள். ஊர் எல்லையைத் தாண்ட ராதாரிச் சீட்டு வேண்டும். எங்கே போகிறான், எந்த வழியாகப் போகிறான், எப்போது திரும்புவான் என்றெல்லாம் எழுதி முத்திரை குத்திய சீட்டு அது.

கல்யாணத்தன்று மாலையைக் கழற்றி ஒச்சாயி கையில் கொடுத்துவிட்டுக் கொட்டடிக்குப் போனவன் அவன். "மாப்பிள்ளை வந்துட்டாருடா, ஜமக்காளம் விரிங்க" என்று ஏட்டு கேலி செய்தார். கொட்டடியே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு குத்து விழும்.

ஆரப்பாளையத்துக்குப் போகிற வழியில் கண்ணுச்சாமியின் மோட்டார் பட்டறையில் அவனுக்கு வேலை. தினம் ஏழு மைல் சைக்கிளில் போய் ஏழு மைல் திரும்ப வேண்டும். அதற்கென்று மாதச் சீட்டு வைத்திருந்தான். கைத்தேர்ச்சி உள்ளவன். வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு, பிளக் போய்விட்டது என்று சொல்லிவிடுவான். பெரிய மனிதர்களின் வண்டிகளெல்லாம் அவன் கைக்குத்தான் வரும். அந்தக் கையைத்தான் சாயங்காலம் ஏட்டு பிடித்து மையில் அமுக்குவார்.

ஒரே ஓர் ஆசை அவனுக்கு. மூன்று வருஷம் ஒரு கரும்புள்ளி இல்லாமல் இருந்தால், மேலே எழுதி, ராத்திரிக் கணக்கிலிருந்து பேரை எடுத்துவிடலாம் என்று ஏட்டு ஒரு தடவை சொல்லியிருந்தார். பேர் போய்விட்டால் வீட்டில் படுக்கலாம். பெண்டாட்டி பக்கத்தில் படுத்து, விடிகிற வரைக்கும் தூங்கலாம். மற்றவர்கள் பிறக்கும்போதே வாங்கிக்கொண்டு வருகிற இந்தச் சுகத்துக்காக அவன் நாளை எண்ணினான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு, தை மாதம். இரண்டு வருஷமும் பத்து மாதமும் முடிந்திருந்தன.

இந்த ஆசையில் அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. கேட்காத இடத்திலும் ரேகை வைப்பான். ஆறு மணிக்கு ஆஜர் என்றால் ஐந்துக்கே போய் நிற்பான். எங்கே போனாலும் அங்கிருக்கிற ஸ்டேஷனைத் தேடிப் போய், "வந்திருக்கேன் சாமி, எழுதிக்கங்க" என்பான். ரேகை கூடக் கூட நல்லவன் என்று பேர் கூடும் என்பது அவன் நினைப்பு. அவன் பெரியப்பன் மகன் மலையாண்டி நேர் எதிர். நிஜமாகவே மாடு திருடுகிறவன். சர்க்கார் கேட்டால் ஒரு ரேகை வைப்பான், கேட்காவிட்டால் விரலை மடக்கிக்கொள்வான். அவனுக்கு அது வரைக்கும் ஒரு கரும்புள்ளியும் விழவில்லை.

வக்கீல் ஹாலாஸ்யம் என்று ஒரு பெரிய மனிதர் இருந்தார். அவர் மகன் சிவசங்கரனுக்குப் பாளையங்கோட்டையில் உத்தியோகம் ஆயிற்று. பையன் ரயிலேறிப் போய்விட்டான். ஆசையாக வாங்கின இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் வீட்டிலேயே நின்றது. அவனே ஓட்டிப் போகலாமே என்றால், தல்லாகுளம் போய்வருவதற்குள் இரண்டு தடவை விழுந்து எழுந்த வீரன் அவன். வக்கீல் பட்டறைக்கே வந்தார்.

"ஏண்டா சோணைமுத்து, ரயில்லே ஏத்தினா கண்டவனும் கீறிடுவான். நீ ஓட்டிண்டு போய் அவன் கையிலே குடுத்துட்டு ரயில்லே திரும்பிடறியா?"

"சீட்டு வேணும் சாமி."

"அதை நான் வாங்கித் தரேன். வண்டியிலே ஒரு கீறல் இருக்கப்படாது, தெரிஞ்சுதா?"

சீட்டு வந்தது. மதுரை, திருமங்கலம், சாத்தூர், கோவில்பட்டி, பாளையங்கோட்டை. வழியில் உள்ள ஸ்டேஷன்களில் ஆஜர். சாயங்காலம் ஆறுக்குள் பாளையங்கோட்டை. மறுநாள் ஆறுக்குள் சொந்த ஊர்க் கொட்டடி.

விஷயம் கேள்விப்பட்டதும் ஒச்சாயிக்கு ஒரே குதூகலம். "மச்சான், அந்தத் தெக்குச் சீமையிலதான் கடல் இருக்காமே?"

"சீட்டுல கடல் இல்ல புள்ள."

"தண்ணி உப்பா இருக்குமாமே. அம்புட்டுத் தண்ணிக்கும் உப்புப் போட்டது யாரு?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். சித்திரைத் திருநாளுக்கு ஒரு தடவை வைகையில் இரு கரை தண்ணீர் பார்த்திருந்தாள். அவள் கண்ட பெரிய தண்ணீர் அதுதான்.

விடிந்ததும் கிளம்பினான். கேரியரில் பெட்ரோல் டின், தோளில் ஸ்பானர் பை. பையில் என்ஜின் எண்ணெய் வைத்த ஒரு சின்னச் சீசா. சிவசங்கரனிடம் சேர்க்கச் சொல்லி வக்கீல் கொடுத்த காற்றுக்கண்ணாடியைப் பட்டணம் தாண்டியதும் எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டான். பரங்குன்றத்து மலையை அதுவரை வடக்கேயிருந்துதான் பார்த்திருக்கிறான். தெற்கே போய் நின்று திரும்பிப் பார்த்தால் வேறு மலையாக இருந்தது. இதைப் பார்க்க முப்பது வயது வரைக்கும் காத்திருந்தோமா என்று அவனுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்கப்புறம் அவன் நிறுத்தாத இடமில்லை. ஒரு கண்மாய்க் கரையில் அய்யனாரின் மண்குதிரைகள் நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, எது உயரம் என்று பார்த்தான். சாத்தூரில் ஆற்று மணலில் உட்கார்ந்து பிஞ்சு வெள்ளரிக்காய் தின்றான். அதைத் தாண்டியதும் செம்மண் போய்க் கரிசல் வந்தது. கண்ணுக்கு எட்டின மட்டும் கறுப்பு மண், அதில் பருத்தி. மரம் இல்லை, நிழல் இல்லை, காற்றுதான். வழியில் வண்டிக்காரர்கள் மாட்டை ஒதுக்கிவிட்டுக் கும்பிட்டார்கள். ஒரு கிராமத்து மணியக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். கண்ணாடிக்குள்ளே இருப்பது எந்தத் துரையோ என்று அவருக்குப் பயம். சோணைமுத்துவும் லேசாகத் தலையை ஆட்டிவைத்தான். யாராக இருந்தாலும் ஆட்டத்தான் செய்வார்கள்.

வழியில் ஒரு ஸ்டேஷன். ஊர்ப் பேர் வேண்டாம். மோட்டார் சத்தம் கேட்டு உள்ளேயிருந்த போலீஸ்காரர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்து விறைப்பாகச் சலாம் வைத்தார். இறங்கின ஆள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சீட்டை இரண்டு கையாலும் நீட்டி, "கைரேகை ஆளு சாமி" என்றான். போலீஸ்காரர் சலாம் வைத்த அதே கையால் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தார். பிறகு ரேகை வாங்கிக்கொண்டு நேரமும் எழுதினார். அடி வலித்தது, ஆனால் எழுத்து நன்றாக விழுந்திருந்தது. இவனுக்கு அது போதுமாக இருந்தது. இவனை நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

கோவில்பட்டிக்கு வரும்போது பத்தரை மணி. பாளையங்கோட்டை ஒன்றரை மணி நேர ஓட்டம். கையில் ஏழரை மணி நேரம் இருந்தது. அவன் ஆயுசில் இவ்வளவு நேரம் அவன் கைக்கு வந்ததேயில்லை. ரேகை வைத்துவிட்டு வெளியே வந்தால், கிழக்கேயிருந்து உப்பு மூட்டை ஏற்றின வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"உப்பு எங்கேருந்துண்ணே வருது?"

"தூத்துக்குடியிலருந்து. மோட்டாருல போனா மத்தியானத்துக்குள்ள போயிரலாம்."

"கடல் அங்கதான் இருக்கா?"

"பின்ன எங்க போயிரும்?"

அவன் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. பெட்ரோல் டின்னை ஆட்டிப் பார்த்தான். போதும். வண்டியைக் கிழக்கே திருப்பினான். வாழ்க்கையில் அவனாக ஒரு வண்டியைத் திருப்பியது அந்த ஒரு தடவைதான்.

தூத்துக்குடியில் நுழையும்போதே காற்றில் உப்பு இருந்தது. உதட்டை நக்கிப் பார்த்துக்கொண்டான். இன்னும் இரண்டு தெரு போனால் கடல். அப்போதுதான் ஒரு ஸ்டேஷன் கண்ணில் பட்டது.

பேசாமல் போயிருக்கலாம். ஒரு குருவிக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் பதினாலு வருஷமாக எந்த ஊரில் கால் வைத்தாலும் முதலில் ஸ்டேஷன் என்று பழக்கிவைத்த உடம்பு அது. வண்டி தானாக நின்றது.

வாசலில் இருந்த பாராக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "ஏவே, இதுல இந்த ஊரே இல்லையே. எதுக்கு வந்தீரு?"

"கடல் பாக்க சாமி. பாத்துட்டு ஆறுக்குள்ள பாளையங்கோட்டை போயிருவேன். வந்ததை எழுதிக்கிட்டீகன்னா..."

"ரைட்டர் சாப்பிடப் போயிருக்காரு. ஒம்மை யாரு எழுதச் சொன்னா? கடல் அந்தாத் தெரியுது, பாத்துட்டுப் போவும்."

"இல்ல சாமி, ஒளிச்சுப் போனதா ஆயிரும். இருந்து எழுதிட்டே போறேன்."

பாராக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சோணைமுத்து வேப்பமரத்தடியில் குந்தினான். ரைட்டர் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வருவதற்கு நாலு மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் இரண்டு தெருவுக்கு அந்தப் பக்கம் கடல் கிடந்தது. அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எழுதுவதற்கு முன்னால் பார்ப்பது திருட்டு மாதிரி அவனுக்குப் பட்டது.

ரைட்டர் நல்ல மனிதர்தான். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, ஆசைப்பட்டு வந்துட்டீரு. வந்த காரணம்னு என்னத்த எழுத?"

"கடல் பாக்கன்னே எழுதுங்க சாமி."

அப்படியே எழுதினார். 'வந்த காரணம்: கடல் பார்க்க.' சோணைமுத்து கட்டை விரலை அழுத்தி, ரேகையின் ஒரு கோடுகூட அழியாமல் வைத்தான். முத்திரையும் விழுந்தது. தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

கடல் பார்க்கப் பத்து நிமிஷம்தான் மிச்சம். வண்டியைக் கரையில் நிறுத்தி இறங்கினவன், முதலில் அக்கரையைத் தேடினான். அக்கரை இல்லை. அலை பெரிதில்லை, ஆனால் ஓயவில்லை. தூரத்தில் ஒரு கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. இதற்கு எல்லை இல்லையா, இதைத் தாண்டுகிறவனிடம் யார் சீட்டுக் கேட்பார்கள் என்று நினைத்தான். ஒச்சாயி இல்லையே என்று இருந்தது. சீசாவிலிருந்த எண்ணெயை என்ஜினில் ஊற்றிவிட்டு, மணல் போட்டுக் குலுக்கிக் கழுவி, கடல் தண்ணீரை நிரப்பிக் கார்க்கை அடைத்தான். பிறகு திரும்பிப் பார்க்காமல் வண்டியை உதைத்தான்.

ஐந்தேமுக்காலுக்குப் பாளையங்கோட்டை. சிவசங்கரன் வண்டியைச் சுற்றிச் சுற்றிக் கீறல் தேடினான். கிடைக்காததில் கொஞ்சம் ஏமாற்றம்கூட. மறுநாள் ரயிலேறி மதுரையில் இறங்கி, அங்கிருந்து நடந்து, பொழுது சாய்வதற்குள் சோணைமுத்து வீட்டு வாசலில் நின்றான். சீசாவைப் பார்த்த ஒச்சாயி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"நெசமாவே கடலா?"

"கடலேதான். இப்பத் தொறக்காத. ஆஜருக்கு நேரமாச்சு. காலையில வந்து நானே உன் உள்ளங்கையில ஊத்துறேன். கதையும் அப்பச் சொல்றேன்."

சீசாவை அடுப்பு மேட்டில் பத்திரமாக வைத்தாள். அவன் கொட்டடிக்குப் போய், ஏட்டிடம் சீட்டை நீட்டினான். பரீட்சையில் தேறின பையன் காகிதத்தைக் காட்டுகிற மாதிரி நின்றான். "சீட்டுல உள்ள எல்லா ஸ்டேஷன்லயும் ரேகை வச்சிருக்கேன் சாமி. ஒண்ணு கூடவே இருக்கு."

ஏட்டு ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்றார். "டேய், தூத்துக்குடி எங்கடா நடுவுல வந்துச்சு?"

"கடல் பாக்கப் போனேன் சாமி. எழுதியிருக்கு பாருங்க."

"அதாண்டா, எழுதியில்ல இருக்கு!" என்றார் ஏட்டு. "எழுதாம இருந்தா நான் என்ன ஏதுன்னு கேக்கப் போறதில்ல. இனி நான் பாக்காத மாதிரி இருந்தா என் வேலை போகும்."

விடிந்ததும் எல்லாரையும் திறந்துவிட்டார்கள். அவனை விடவில்லை. சீட்டில் இல்லாத வழியில் போன குற்றம். இரண்டு போலீஸ்காரர்கள் வீட்டுக்குப் போய், ஒச்சாயி காலில் விழ விழ, அடுப்பு மேட்டுச் சீசாவை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கடலுக்குப் போனதற்கு அதுதான் அத்தாட்சியாம். அவன் மறுத்தால் அல்லவா அத்தாட்சி வேண்டும்!

ஒச்சாயி ஏழு மைல் நடந்து வக்கீல் வீட்டு வாசலில் போய் நின்றாள். "நான்தான் அந்த வழியாப் போகச் சொன்னேன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க சாமி. வெளிய வந்துருவாரு."

ஹாலாஸ்யத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "என் பெட்ரோல்லே, என் வண்டியிலே, இவன் கடல் பார்க்கப் போவான், நான் பொய்க் கடுதாசி எழுதணுமா? கோர்ட்டிலே சத்தியம் பேசறவன் நான். போ போ." பொய் இல்லாமல் ஒரு நாளும் அடுப்பெரியாத வீடு அது. ஆனால் அந்தப் பொய்களுக்கெல்லாம் ஃபீஸ் உண்டு.

கோர்ட்டில் சீசாவை மேஜையில் வைத்தார்கள். மாஜிஸ்திரேட் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "தூத்துக்குடியிலே யாரைப் பார்க்கப் போனே?"

"கடலைங்க."

"கடலைப் பார்க்கிறதுக்காக ஒருத்தன் முப்பத்தேழு மைல் சுத்திப் போவானா? நிஜத்தைச் சொல்லு."

"அம்புட்டுத்தான் சாமி."

கோர்ட்டு சிரித்தது. ஆறு மாதம் போட்டார்கள். வெளியே வந்தபோது பட்டறையில் அவன் இடத்தில் வேறு ஆள் இருந்தான். மாதச் சீட்டையும் ரத்து செய்திருந்தார்கள். ஊர் எல்லையைத் தாண்டினால் ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு. மூன்று வருஷக் கணக்கை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். சீசாவைக் கேட்டான். அதில் ஊர் ஸ்டேஷன் ரைட்டர் சிவப்பு மை வைத்திருந்தார். தண்ணீரை எப்போதோ வாசலில் கொட்டிவிட்டார்களாம்.

"டேய், கேக்காத எடத்துல எதுக்குடா விரலக் குடுத்த?" என்று மலையாண்டி தலையில் அடித்துக்கொண்டான். கடல் எப்படி இருந்தது என்று ஒச்சாயி அதற்கப்புறம் கேட்கவில்லை. சோணைமுத்து காட்டுவேலைக்குப் போனான், பொழுது சாய்ந்தால் கொட்டடி. இப்போது நாலு மணிக்கே போய் நின்றான். ஊர் எல்லைக் கல்லைக் கண்டால் பத்தடி முன்னாலேயே திரும்பிவிடுவான்.

முப்பத்தெட்டாம் வருஷம், பங்குனி. ஊரில் வாந்திபேதி. ஒரு நாள் காலையில் கொட்டடி திறந்து வெளியே வந்தவனிடம் தெருப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒச்சாயி விடியுமுன்னே போய்விட்டாள். தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓட ஊரில் ஓர் ஆம்பிளை இல்லை. அத்தனை பேரும் கொட்டடியில் பத்திரமாகப் பூட்டியிருந்தார்கள். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே போனாளாம்.

வாந்திபேதிப் பிணத்தை வைத்திருக்க முடியாது. வெயில் ஏறுவதற்குள் எடுக்க வேண்டும். புதைகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அடுத்த கிராமத்து எல்லையில் இருந்தது. சாவுக்குப் போகிறவர்களிடம் யாரும் சீட்டுக் கேட்டதில்லை. எல்லாரும் சும்மா தாண்டிப் போய்வருவார்கள். சோணைமுத்து பாடையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நேராக ஸ்டேஷனுக்குப் போனான்.

"ராதாரிச் சீட்டு வேணும் சாமி. புதைகாடு வரைக்கும்."

ரைட்டர் மதுரைக்குப் போயிருந்தார். ஏட்டும் இல்லை. பாராக்காரருக்கே பொறுக்கவில்லை. "அட போய்யா. பொண்டாட்டியப் போட்டு வச்சுக்கிட்டுச் சீட்டாம். நான் பாக்கல, நீ போய்ட்டு வா."

"இல்ல சாமி. எழுதிட்டே போறேன்."

மலையாண்டி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். "டேய் பாவி, அவளுக்காகத்தானடா இம்புட்டு ரேகையும் வச்ச. அவளே போயிட்டா. இனி யாருக்குடா பேரு நீங்கணும்?"

அது சோணைமுத்துவுக்கும் தெரியும். தெரிந்தும் கால் நகரவில்லை. வாசல் படிக்குக் கீழே குந்தினவன் குந்தினபடியே இருந்தான். வெயில் ஏறும் நேரத்தில் பறைச்சத்தம் தெருவைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, நின்றது. அப்போதும் அவன் தலையைத் திருப்பவில்லை.

ரைட்டர் ஐந்தரை மணிக்கு வந்தார். விவரத்தைக் கேட்டு, உச்சுக்கொட்டிவிட்டு, சிவப்பு மையைத் தொட்டு எழுதினார். எழுதும்போது நிமிர்ந்து கேட்டார். "போற காரணம்னு ஒண்ணு போடணுமேடா. அடக்கத்துக்குன்னு போட முடியாது, அதான் முடிஞ்சு போச்சே. என்னன்னு போட?"

"பொண்டாட்டியப் பாக்கன்னு எழுதுங்க சாமி."

அப்படியே எழுதி, ஆறு மணிக்குள் ஆஜர் என்று முத்திரை குத்திக் கொடுத்தார். சோணைமுத்து கட்டை விரலை அழுத்தி வைத்துவிட்டு ஓடினான். புது மண் மேட்டுக்குப் பக்கத்தில் நிற்கப் பத்து நிமிஷம் கிடைத்தது.